பொன் கண்ட தச்சர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கடற்கரையில் உள்ள கலிபோர்னியா மாநிலத்தில், அமெரிக்கன் ஆறு பாயும் பள்ளத்தாக்கு ஒன்றில் கொலோமா என்னும் சிற்றூர் இருக்கின்றது. இன்று அங்கு வாழ்வோர் சில நூற்றுவரே. சீன வணிகர் கடை வைத்திருந்த கற்கட்டடங்களும், இடிந்த சிறைச்சாலையும் மரநிழலில் அமைதியாக நிற்கின்றன. ஒரு காலத்தில் நாற்றிசை மக்களையும் தன்பால் ஈர்த்த ஊர் இது. அதற்குக் காரணமானவர் ஜேம்ஸ் மார்ஷல் என்னும் தச்சர்.

மார்ஷல் 1810 ஆம் ஆண்டில் நியூஜெர்சியில் பிறந்தார். தந்தையாரிடம் தச்சுத் தொழில் பயின்று, பிழைப்பை நாடி மேற்கே சென்று, 1845 இல் கலிபோர்னியாவை அடைந்தார். அந்நாடு அப்போது மெக்சிகோவுக்கு உரியது. அடுத்த ஆண்டில் மூண்ட போரில் அவர் அமெரிக்கர் பக்கம் நின்று பொருதார். திரும்பி வந்தபோது, தாம் வளர்த்த மாடுகளுள் ஒன்றும் எஞ்சவில்லை. ஆகவே, பெருநிலக்கிழாரான சட்டர் என்பாருடன் 1847 இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். முதல் சட்டருடையது, கொலோமாவில் மரம் அறுக்கும் ஆலை அமைத்து நடத்துவது மார்ஷலின் பொறுப்பு.

ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய நீர் வெளியேறும் கால்வாய் ஆழம் போதாதிருந்தது. பகலில் அதனைத் தோண்டுவர். இரவில் நீரைத் திறந்து, தளர்ந்த மண்ணை அடித்துச் செல்ல விடுவர். 1848 சனவரி 24 ஆம் நாள் காலை, கால்வாயைப் பார்வையிடச் சென்ற மார்ஷலின் கண்ணில் மஞ்சள் துணுக்கு ஒன்று மின்னியது. கல்லின்மேல் வைத்துத் தட்டினார். அது உடையாது தட்டையாயிற்று. ஆலையாட்களுக்குச் சமைத்து வந்த ஜென்னி விம்மர் என்னும் அம்மையார், அதனைச் சவர்க்காரம் காய்ச்சும் கொப்பரையில் இட்டுக் கொதிக்க வைத்தார், நிறம் மாறவில்லை. பின்னர்ச் சட்டர் திராவகமிட்டுச் சோதித்தபோது ஐயம் முற்றும் அகன்றது. ஒன்பது நாட்களுக்குப்பின் மெக்சிகோ அந்நாட்டை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுக்க இசைந்து கையொப்பமிட்டது. பொன்னின் செய்தி அதுவரை அவர்கட்கு எட்டவில்லை!

இருவரும் செய்தியை மறைக்கவே விரும்பினர். ஆனால் மறைவாக இருக்கக்கூடிய செய்தியா அது? ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் போல்க் அதனை நாட்டுக்கே அறிவித்தார். 1849 முதல் மக்கள் கடல்வழியாகவும் தரைவழியாகவும் வெள்ளமெனத் திரண்டனர். சில ஆண்டுகளில் வந்தோர் தொகை ஏறத்தாழ 3,00,000. வழிவழியாக அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த நிசெனான் பழங்குடியினர் நிலத்தை இழந்து, நோய்க்கும் கொலைக்கும் இரையாயினர். ஆலையாட்கள் வாளைப் போட்டுவிட்டுப் பொன் அரிக்கச் சென்றனர், ஆலை நின்றது. மார்ஷல் தமதெனக் கருதிய நிலத்தை வந்தேறிகள் கைப்பற்றினர். பொன் இருக்கும் இடம் இவருக்குத் தானே புலப்படும் என்று நம்பிய சிலர், அவர் செல்லுமிடமெல்லாம் தொடர்ந்து தொல்லை கொடுத்தனர். அவருக்கோ பிறகு பொன் கிட்டவேயில்லை.

ஆற்றுமணலில் பொன் குறையவே கொலோமாவும் தேய்ந்தது. 1857 இல் மாவட்டத் தலைமையிடம் பிளாசர்வில் நகருக்கு மாறியது. மார்ஷல் அங்குத் திராட்சை பயிரிட்டார். சில ஆண்டுகள் செழித்த அதுவும் பின்னர் நலிந்தது. மாநிலச் சட்டமன்றம் 1872 இல் அவருக்குத் திங்கள்தோறும் 200 டாலர் அளித்தது. பின்பு அதனைப் பாதியாகக் குறைத்து, 1878 இல் அறவே நிறுத்தியது. அண்டையூரான கெல்சியில் சிறு கொல்லுப்பட்டறை ஒன்றை நடத்தி வந்த அவர், 1885 ஆகஸ்டு 10 ஆம் நாள் வறியராகவே இறந்தார்.

கொலோமாவை நோக்கும் குன்றின்மேல் அவரை அடக்கம் செய்தனர். உதவித்தொகையை நிறுத்திய அதே மாநிலம், 1890 இல் அவ்விடத்தில் அவருக்கு உயர்ந்த சிலை ஒன்றை நிறுவியது. அச்சிலையின் சுட்டுவிரல், கீழே ஆற்றங்கரையில் அவர் பொன் கண்ட இடத்தைக் காட்டுகின்றது.