பைண்டிங் கடையில் வேலை பழகிய பையன்... 70 வயதிலும் புதுக் கருவியைக் கையில் எடுத்த ஃபாரடே! யார் இவர்?

ஐடிஐ எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தாலும் சரி, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் எடுத்தாலும் சரி, ஒரு பெயரைச் சந்திக்காமல் நகர முடியாது. ஃபாரடே. மின்காந்தத் தூண்டல் விதி அவருடையது. மின்பகுப்பு விதிகள் அவருடையவை. கெப்பாசிட்டர் மேல் அச்சடித்திருக்கும் ஃபாரட் என்ற அலகும் அவர் பெயரில் வந்ததுதான். விதியை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம்.

ஆனால், அந்த மனிதர் கல்லூரியில் படித்தவரே இல்லை. மைக்கேல் ஃபாரடே முறைப்படி பயிற்சி பெற்றது ஒரே ஒரு தொழிலில். அது புத்தக பைண்டிங்!

ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி

1791 செப்டம்பர் 22-ம் தேதி, லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் இரும்பு அடிக்கும் கொல்லர். உடம்பு சரியில்லாததால் தொடர்ந்து வேலைக்குப் போக முடியாதவர். 1801-ல் உணவுப் பொருள் விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டி என்று அளந்து கொடுத்தார்கள். பள்ளியில் கிடைத்தது எழுத, படிக்க, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான்.

13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை. செய்தித்தாளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, படித்து முடித்ததும் போய் வாங்கி வருவது. அப்போது பேப்பரை வாடகைக்கு விடுவார்கள்! பையன் ஒழுங்காக இருந்ததால், 1805-ல் பயிற்சிக் கட்டணம் வாங்காமலேயே தன்னிடம் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார் ரீபோ. ஏழு வருஷ ஒப்பந்தம்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை மற்றவர்கள் தைத்து, பசை போட்டு, அட்டை கட்டி அனுப்பினார்கள். ஃபாரடே தைப்பதற்கு முன் படித்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் உரையாடல் நூலும் அவரைப் பிடித்துக்கொண்டன. படித்ததோடு விடவில்லை. கைக்காசில் வாங்க முடிந்த பாட்டில், கண்ணாடிச் சாமான்களை வைத்து, நிலைமின்சாரம் உண்டாக்கும் சிறு கருவியைத் தானே செய்து பார்த்தார். புத்தகத்தில் இருப்பது உண்மைதானா என்று சரிபார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது போல.

இங்கே ரீபோவையும் சொல்லியாக வேண்டும். வேலை நேரத்தில் புத்தகம் படிக்கிறாயா என்று அதட்டும் முதலாளியாக அவர் இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவரோ, கடைக்கு வருபவர்களிடம் பையனின் நோட்டுகளை எடுத்துக்காட்டிப் பெருமைப்பட்டார்.

அண்ணன் கொடுத்த ஒரு ஷில்லிங்

1810-ல் அப்பா இறந்துவிட்டார். அதே காலத்தில் ஜான் டேட்டம் என்பவர் லண்டனில் மாலை நேர அறிவியல் வகுப்பு நடத்திவந்தார். ஒரு வகுப்புக்கு ஒரு ஷில்லிங். அந்தக் காசைக் கொடுத்தது அண்ணன் ராபர்ட். அவரும் கொல்லர் வேலைதான் பார்த்தார்.

வகுப்பில் கேட்டதை ஃபாரடே படம் போட்டு எழுதிவைத்தார். படம் வரையத் தெரியவில்லையா? ரீபோ வீட்டில் குடியிருந்த மாஸ்கெரியே என்ற பிரெஞ்சு ஓவியரிடம் கற்றுக்கொண்டார். இலக்கணம் தடுமாறுகிறதா? அதே வகுப்புக்கு வந்த நண்பர்களோடு சேர்ந்து, ஒருவர் பேச்சையும் எழுத்தையும் இன்னொருவர் திருத்துவது என்று ஏற்பாடு செய்துகொண்டார். நம் ஊரில் குரூப் ஸ்டடி என்கிறோமே, அதுதான். ஆனால், இவர்கள் அரட்டை அடிக்கவில்லை.

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அன்றைய லண்டனில் நட்சத்திர விஞ்ஞானி. ஃபாரடே மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அதை விரித்து, ஏறக்குறைய 300 பக்கத்துக்கு எழுதி, தன் கையாலேயே பைண்டிங் செய்தார்.

அந்த அக்டோபரில் பயிற்சி முடிந்தது. முழுத் தொழிலாளியாக வேறொரு பைண்டரிடம் சேர்ந்தார். நிலையான தொழில், கையில் காசு. குடும்பம் இருந்த நிலையில் அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கோ மனம் ஒட்டவில்லை. ராயல் சொசைட்டி தலைவருக்குக் கடிதம் போட்டார். பதிலே வரவில்லை. பிறகு, தான் பைண்டிங் செய்த நோட்டை டேவிக்கே அனுப்பினார். டேவி அழைத்துப் பேசினார். ஆனால், பைண்டிங் தொழிலையே பார்த்துக்கொள் என்றுதான் அறிவுரை சொன்னார்!

1813 தொடக்கத்தில் டேவியின் ஆய்வக உதவியாளர் ஒருவர் அடிதடியில் இறங்கி வேலையை இழந்தார். அந்த இடத்துக்கு ஃபாரடேவைக் கூப்பிட்டார்கள். வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மேல்மாடியில் இரண்டு அறை. 21 வயதில், தெரிந்த தொழிலை விட்டுவிட்டு, பாட்டில் கழுவும் நிலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

அதே ஆண்டு இறுதியில் டேவி தம்பதியோடு ஐரோப்பா பயணம். கூட வரவேண்டிய பணியாள் கடைசி நேரத்தில் மறுத்துவிட, அந்த வேலையும் ஃபாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். வெறுத்துப்போய் ஊர் திரும்பிவிடலாமா என்று யோசித்தார். திரும்பவில்லை. ஆம்பியரையும் வோல்டாவையும் நேரில் பார்த்தார், பிரெஞ்சும் இத்தாலியனும் கற்றார். பல்கலைக்கழகத்தில் கிடைக்காத படிப்பு அந்த ஒன்றரை வருஷத்தில் கிடைத்தது.

கண்டுபிடிப்புக்குப் பிறகும் படிப்பு

1821-ல் மின்சாரத்தால் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓடவைத்தார். இன்றைய மோட்டாருக்கு அதுதான் விதை. 1831 ஆகஸ்ட் 29, இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் கம்பிச் சுருள் சுற்றி, ஒரு பக்கம் மின்சாரத்தைத் திறந்து மூடும்போது மறுபக்கம் மின்னோட்டம் பாய்வதைக் கண்டார். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்வது இந்தத் தத்துவத்தில்தான். சில வாரங்களில், காந்த முனைகளுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார். அப்போது அவருக்கு 40 வயது.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இல்லாதது வேறு. பேச்சு தட்டையாக இருக்கிறது என்று தோன்றியதும், பெஞ்சமின் ஸ்மார்ட் என்பவரிடம் மேடைப்பேச்சு படித்தார். தன் சொற்பொழிவில் நண்பர் ஒருவரை உட்காரவைத்துத் தப்பைக் குறிக்கச் சொன்னார். வேகமாகப் பேசாதே என்று நினைவூட்டும் அட்டை கண்முன் இருக்கும். பின்னாளில் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவை 19 முறை நடத்தினார்.

மின்பகுப்பில் புதிதாகக் கண்டதற்குப் பெயர் வைக்கத் தெரியாதபோது, கிரேக்கம் அறிந்த வில்லியம் ஹூவெலுக்கு எழுதிக் கேட்டார். ஆனோட், கேத்தோடு, நாம் அயனி என்று சொல்லும் சொல்... எல்லாம் அந்தக் கடிதப் போக்குவரத்தில் பிறந்தவை.

நினைவாற்றல் அவருக்குப் பெரிய எதிரி. மறதி படுத்தியதால், ஆய்வக நாட்குறிப்பில் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டார். அந்த எண் 16,041 வரை போனது. 1840-களின் தொடக்கத்தில் உடல்நலம் கெட்டு ஆய்வையே பெரும்பாலும் நிறுத்தவேண்டி வந்தது. திரும்பி வந்தவர், 1820-களில் தொலைநோக்கிக்காகச் செய்து, எதிர்பார்த்த பயன் தராமல்போன கனமான கண்ணாடித் துண்டை எடுத்தார். 1845 செப்டம்பரில், அதை வைத்தே காந்தம் ஒளியைப் பாதிக்கிறது என்று காட்டினார்.

கணக்கு மட்டும் கடைசிவரை கைகூடவில்லை. 1857-ல், 26 வயது மேக்ஸ்வெல்லுக்குக் கடிதம் எழுதினார். கணிதத்தில் கண்ட முடிவுகளை என்னைப் போன்றவர்களுக்குப் புரியும் சாதாரண மொழியிலும் சொல்லக்கூடாதா என்பது அதன் சாரம். கேட்டவருக்கு வயது 66. உலகமே கொண்டாடும் விஞ்ஞானி. வகுப்பில் சந்தேகம் கேட்கக் கூச்சப்படும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

சர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. ராயல் சொசைட்டி தலைவர் பதவி தேடி வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசி சோதனை என்ன ஆனது?

1859-60-ல் ஜெர்மனியில் புன்சனும் கிர்க்காஃபும், ஒளியைப் பிரித்துத் தனிமங்களைக் கண்டறியும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கான கருவி நிறமாலைமானி. அன்றைக்கு அது புத்தம் புதுத் தொழில்நுட்பம். 1862 மார்ச்சில், 70 வயது ஃபாரடே அதைக் கையில் எடுத்தார். காந்தத்தின் நடுவே சுடரை வைத்தால் அதன் ஒளிக்கோடுகள் மாறுமா என்று பார்த்தார். ஒரு மாற்றமும் தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை என்பதையும் ஒழுங்காக நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதுதான் அவருடைய கடைசி சோதனை. 1867 ஆகஸ்ட் 25-ல் காலமானார்.

நெதர்லாந்தின் பீட்டர் ஸீமன், ஃபாரடே இப்படி ஒரு முயற்சி செய்ததைப் படித்துத் தெரிந்துகொண்டார். இன்னும் நுட்பமான கருவியை வைத்து 1896-ல் அதையே செய்து பார்த்தார். கோடுகள் அகன்றன! அதற்காக லாரன்ட்ஸோடு சேர்ந்து 1902-ல் நோபல் பரிசும் பெற்றார்.