சந்திரசேகர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். தந்தையார் இரயில்வே கணக்குத் துறையில் உயர்பதவி வகித்தவர். அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சந்திரசேகர், 1930இல் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் யாவும் வெண்குறுமீன்களாய் ஒடுங்கி அமைதியுறும் என்பது அக்காலத்தார் கொள்கை. கப்பலிலேயே கணக்கிடத் தொடங்கிய சந்திரசேகர், ஓர் எல்லைக்கு மேற்பட்ட நிறையுடையது அவ்வாறு ஓயாது, தன் எடையைத் தாங்கமாட்டாமல் மேலும் சுருங்கும் எனக் கண்டார். அவ்வெல்லை, ஞாயிற்றின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1935 ஜனவரியில் இலண்டன் அரச வானியற் கழகத்தில் தம் முடிவை எடுத்துரைத்தபோது அவருக்கு வயது 24. அடுத்துப் பேச எழுந்தவர் உலகப் புகழ்பெற்ற எடிங்டன். இளைஞரின் ஆய்வு வளர்வதை அருகிருந்து கேட்டறிந்தவரே, அவையோர் நகைக்கும்படி அதனை மறுத்துரைத்தார். இச்செயல் முறையானதன்று. இயற்பியல் வல்லுநர் சிலர் இளைஞரின் கணக்கே சரியெனத் தனிமையில் ஒப்பினர். வெளிப்படையாகக் கூறப் பலரும் தயங்கினர். சந்திரசேகர் எடிங்டனிடம் பகை பாராட்டவில்லை. தம் முடிவையும் கைவிடவில்லை. ஆராய்ந்ததை ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகமே அவர் பணிக்களமாயிற்று.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தன. பெருவிண்மீன் சுருங்கிச் சுருங்கி, ஒளியும் மீளாத கருந்துளையாகலாம் என்பதை அறிஞருலகம் ஏற்றிருந்தது. சுழலும் கருந்துளைக்குரிய சமன்பாட்டின் தீர்வை நியூசிலாந்து நாட்டவரான கெர் 1963இல் கண்டிருந்தார். அதிலிருந்து ஆற்றலைப் பெறவும் கூடும் என 1969இல் பென்ரோசு காட்டினார்.

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் முதலிய ஊர்களில் செய்யப்பெறும் சங்குசக்கரத்தை மாணவர் அறிவர். மருந்து எரிந்து புகை சீறி வெளிப்படுவதால் சக்கரம் சுழல்கிறது. கருந்துளையிலோ நிகழ்ச்சி தலைகீழானது. அதன் எல்லைக்குச் சற்று வெளியே, எப்பொருளும் அசையாது நிற்கவொண்ணாத சுழற்பகுதி ஒன்றுண்டு. ஆங்குப் புகும் பொருள் இரண்டாய்ப் பிளந்து, ஒரு கூறு சுழற்சிக்கு எதிராய் உள்ளே விழுமாயின், மற்றது புகுந்தபோதினும் மிகுந்த ஆற்றலுடன் வெளியேறலாம். அந்த மிகுதிக்கு விலை கொடுப்பது கருந்துளையின் சுழற்சி. அது அவ்வளவிற்குத் தளரும். மிக விரைந்து சுழலும் கருந்துளையின் மொத்த ஆற்றலில் 29 விழுக்காடு வரை இவ்வாறு பெறலாம் என்பது கணக்கு.

அறுபது வயது கடந்த சந்திரசேகர் இத்துறையில் மாணவரைப் போல் புகுந்தார். சுழலும் கருந்துளையின்மீது படும் அலைகள் எங்ஙனம் மீள்கின்றன என ஆராய்ந்தார். குறிப்பிட்ட அதிர்வெண்களில் ஒளியலையும் ஈர்ப்பலையும் அதன் சுழற்சியிலிருந்து ஆற்றல் பெற்று வலுத்து மீள்வதையும், நியூட்ரினோ அலை அவ்வாறு வலுக்காமையையும் விளக்கினார். இடையே, 1977இல், இதய அறுவை மருத்துவமும் நேர்ந்தது, ஆய்வு நிற்கவில்லை. கருந்துளைகளின் கணிதக் கொள்கை பற்றிய அவரது பெருநூல் 1983இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே, விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றிய ஆய்வுகளுக்காக, நோபெல் பரிசும் அவரை வந்தடைந்தது.

1995 ஆகஸ்டு 21ஆம் நாள் அவர் சிகாகோவில் காலமானார். நான்காண்டுகளுக்குப் பின் அமெரிக்கர் விண்ணில் ஏவிய எக்சு-கதிர்த் தொலைநோக்கி, சந்திரா என அவர் பெயரைத் தாங்கிச் சென்றது.