மைக்குக்கென்றே பிறந்த குரல்: ஏ.எம்.ராஜா

ஏ.எம்.ராஜா என்று சொன்னால் நம்மில் பாதிப் பேர் யாரது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் எங்க தாத்தாவிடம் கேட்டேன். அன்றைக்குத் தட்டில் சோறு ஆறிப்போகும் வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை.

ராஜா 1929 ஜூலை 1-ம் தேதி சித்தூர் மாவட்டம் ராமச்சந்திரபுரத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் 1951-ல் பட்டம் பெற்றார். அதே வருஷம் ஜெமினியின் 'சம்சாரம்' படத்தில் பாடி, ஊரெல்லாம் தெரிந்த குரலாகிவிட்டார். 1955-ல் 'மிஸ்ஸியம்மா' வந்தது. ஜெமினி கணேசன் வாயசைத்தால் ராஜா குரல்தான் என்று அந்தக் காலத்தில் ஆகிப்போனது. கூடப் பாடிய ஜிக்கியையே மணந்துகொண்டார்.

1959-ல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு' படத்துக்கு இவரே இசை. பாட்டெல்லாம் பிரமாதமான வெற்றி! 1961-ல் 'தேன் நிலவு'. அதற்குப் பிறகு வாய்ப்புகள் குறைந்துவிட்டன. யாருக்காகவும் வளைந்து கொடுக்காத மனுஷன், ஸ்ரீதரோடும் மனக்கசப்பு. தலைக்கனம் என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வேலையில் சுத்தம் பார்க்கிறவனை நம்ம ஒர்க் ஷாப்பிலும் அப்படித்தானே சொல்றாங்க!

சினிமா கைவிட்டாலும் மேடை கைவிடவில்லை. ஜிக்கி அம்மாவோடு ஊர் ஊராக மெல்லிசைக் கச்சேரி செய்தார். எங்க தாத்தா அவரைப் பார்த்ததும் அப்படித்தான். 1970-களின் நடுவில், குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. தாத்தாவுக்கு அப்போ இருபது வயசு இருக்கும். பல்லாவரத்தில் ஒரு மைக் செட் கடையில் எடுபிடி. தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர் வேலை.

ராஜா சத்தம் போட்டுப் பாடுகிற ஆள் இல்லை. காதோடு பேசுவது மாதிரி இழைந்து வரும் குரல். வால்யூமை ஏற்றினால் மைக் கூவென்று ஊளையிடும். இறக்கினால் கடைசி வரிசைக்குக் கேட்காது. தாத்தா யாரையும் கேட்காமல் மரத்தில் ஏறி, மேடையைப் பார்த்திருந்த இரண்டு குழாய்களையும் ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். ஊளை நின்றது. இதற்கு ஃபீட்பேக் என்று பெயர் என நான் போன வருஷம்தான் படித்தேன். நாலாங்கிளாஸோடு நின்ற தாத்தாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது! அவர் மரத்திலிருந்து இறங்கவே இல்லை. மீதிக் கச்சேரி முழுக்க மட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கேட்டாராம். ஜனங்கள் கடைசி மின்சார ரயிலை விட்டுவிட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்தே தாம்பரம் போய்ச் சேர்ந்தார்களாம்.

1989 ஏப்ரல். தென்கோடியில் ஒரு கச்சேரிக்குப் போகும் வழியில், வள்ளியூர் ரயில் நிலையத்தில் ரயிலில் சிக்கி ராஜா இறந்துபோனார். வயது 59. செய்தி தெரிந்த அன்று தாத்தா ஒரு கல்யாண வீட்டில் மைக் செட் போட்டிருந்தார். ராஜா பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டார். நல்ல நாளில் சோகப் பாட்டு எதற்கு என்று வீட்டுக்காரர் கோபித்து, கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். தாத்தா அதற்காகச் சண்டை போடவில்லை. ஆனால் இன்றைக்கும் நான் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினால், வண்டி நகர்ந்த பிறகு ஓடி ஏறக் கூடாது என்று தெருமுனை வரைக்கும் வந்து சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்.

ஜிக்கி அம்மா 2004-ல் காலமானார். மைக் செட் கடையை மூடும்போது முதலாளி கொடுத்த வால்வு ஆம்ப்ளிபையர் எங்க வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. பொங்கல் லீவில் அதை இறக்கி, டிரான்ஸ்பார்மர் கருகியிருக்கிறதா என்று பார்க்கணும். கேசட்டை எடுத்து இப்பவே துடைத்து வைத்துவிட்டார் தாத்தா.