உடலுக்கும் உரிமை உண்டு: அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களின் வாழ்வு தரும் பாடம்

நல்லதொரு பழக்கத்தைத் தொடங்குவது எளிது. தொடர்ந்து பேணுவதே அரிது. வாசக நேயர்களே! இதை உங்கள் இல்லத்திலேயே கண்டிருப்பீர்கள். மருத்துவர் எச்சரித்தார் என்பதற்காக மறுநாளே ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தவர், பத்தாம் நாள் கால் வலியென்று படுத்துவிடுகிறார். சர்க்கரை நோய்க்கு அஞ்சி ஒரே நாளில் சோற்றை அறவே துறந்தவர், அடுத்த வாரம் வலீமா விருந்தில் இரண்டு பங்கு உண்டுவிடுகிறார். ரமளான் இரவுகளை விழித்திருந்து கழித்தவர், ஷவ்வால் பிறை கண்டபின் ஸுப்ஹு ஜமாஅத்தையே தவறவிடுகிறார். இவர்களிடம் குறைந்து போனது யாது? ஆர்வமா? அன்று. அளவுதான் பிழையாகிப் போனது.

இந்த அளவு பற்றிய பாடத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் நேரில் பயின்று, அதைத் தம் முதுமை வரையிலும் சுமந்து வாழ்ந்த ஒரு தோழரின் வரலாற்றை இன்று காண்போம். அவர்கள்தாம் அப்துல்லாஹ் பின் அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்கள்.

குறைஷிக் குலத்தின் பனூ ஸஹ்முக் கிளையில் பிறந்தவர்கள் அவர்கள். தந்தை அம்ர் பின் ஆஸ் (ரலி), பின்னாளில் எகிப்தை வென்ற பெரும் தளபதி. தந்தைக்கும் மகனுக்கும் வயதில் இருந்த இடைவெளி பதினொன்று அல்லது பன்னிரண்டு ஆண்டுகளே என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். தந்தை ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 629இல் இஸ்லாத்தை ஏற்றார்கள். மகனோ அதற்கு முன்பே நபிகளாரின் அணியில் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே இருந்த காலம் அது. அப்துல்லாஹ் (ரலி) அவர்களோ எழுத்தில் வல்லவர்களாக இருந்தார்கள். நபிகளாரிடம் செவியுற்ற யாவற்றையும் எழுதி வைத்தார்கள். நபிகளாரும் மனிதர்தாமே, கோபத்திலும் மகிழ்விலும் பேசுவதையெல்லாம் எழுதலாமா என்று குறைஷியர் சிலர் தடுத்தபோது, எழுதுவதை நிறுத்திவிட்டு நபிகளாரிடமே சென்று கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் திருவாயை விரலால் சுட்டிக் காட்டி, அதிலிருந்து உண்மையன்றி வேறெதுவும் வெளிப்படுவதில்லை எனத் தெளிவுபடுத்தி, எழுதுமாறு பணித்தார்கள். அவ்வாறு தொகுத்த ஏட்டிற்கு ‘அஸ்ஸஹீஃபத்துஸ் ஸாதிக்கா’, அதாவது உண்மை ஏடு என்று பெயரிட்டார்கள். ஹதீஸ்களை மிகுதியாக அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்களே, இவர்கள் எழுதினார்கள், தாம் எழுதவில்லை என்று கூறி, இவர்களின் சிறப்பை ஒப்புக்கொண்டார்கள்.

எதைச் செய்தாலும் முழுமையாகச் செய்யும் இயல்பு அது. அந்த இயல்பு வணக்கத்தின் பக்கம் திரும்பியபோது என்ன நேர்ந்தது தெரியுமா? பகலெல்லாம் நோன்பு; அதுவும் நாள்தோறும். இரவெல்லாம் தொழுகை, ஒவ்வோர் இரவிலும் திருக்குர்ஆன் முழுவதையும் ஓதி முடித்தல். அப்போது அன்னாரின் வயது என்ன? ஹிஜ்ரி 65இல் தமது 72ஆம் வயதில் மறைந்தார்கள் என்ற கணக்கைக் கொண்டால், இருபதைக்கூட எட்டாத வாலிபப் பருவம்! உடல் ஒத்துழைத்தது, உள்ளம் துள்ளியது, இது என்றும் இப்படியே இருக்கும் என்று தோன்றியது.

தந்தை அம்ர் (ரலி) அவர்கள் தம் மகனுக்குக் குறைஷியரில் உயர்ந்த குடும்பத்துப் பெண்ணை மணமுடித்து வைத்தார்கள். மருமகளை நலம் விசாரிக்க அவ்வப்போது செல்வார்கள். கணவர் எப்படி நடந்துகொள்கிறார் என்றும் கேட்பார்கள். அந்தப் பெண்மணியின் மறுமொழியில் பண்பும் இருந்தது, வேதனையும் இருந்தது. கணவர் மிக நல்லவர் என்றார்; ஆனால் மணமாகி வந்த நாள் முதல் படுக்கைக்கு வந்ததும் இல்லை, திரையை விலக்கிப் பார்த்ததும் இல்லை என்று குறிப்பால் உணர்த்தினார். புகுந்த வீட்டில் மாமனாரிடம் இதைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு எத்துணை துணிவு வேண்டும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். நாட்கள் நீண்டன. இறுதியில் தந்தை நபிகளாரிடமே முறையிட்டார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த வாலிபரின் இல்லம் தேடி வந்ததாக ஓர் அறிவிப்பு கூறுகிறது. பேரீச்ச நார் திணிக்கப்பட்ட தோல் தலையணையொன்றை அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் எடுத்து வைத்தார்கள். நபிகளாரோ அதில் அமராமல் தரையிலேயே அமர்ந்தார்கள். தலையணை இருவருக்கும் இடையே கிடந்தது. கண்டிக்க வந்தவராக அன்றி, கலந்து பேச வந்தவராகவே பேசத் தொடங்கினார்கள்.

மாதத்தில் மூன்று நாட்கள் நோன்பு போதும் என்பதே முதல் அளவு. ஒவ்வொரு நன்மைக்கும் பத்து மடங்கு கூலி உண்டல்லவா? 3 நாட்கள் 30 நாட்களுக்கு நிகராகும். எனவே அது காலமெல்லாம் நோன்பு நோற்றதற்கு ஒப்பாகும் என்றும் விளக்கினார்கள். ஆனால் வாலிப உள்ளம் நிறைவடையவில்லை. அதைவிட அதிகம் செய்யத் தம்மிடம் ஆற்றல் உண்டு என்றார்கள் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள். நபிகளார் சற்று உயர்த்தினார்கள். அவர்கள் மேலும் கேட்டார்கள். மீண்டும் உயர்த்தினார்கள், மீண்டும் கேட்டார்கள். இறுதியில் ஒருநாள் நோன்பு, மறுநாள் இல்லை என்ற தாவூத் நபி (அலை) அவர்களின் நோன்பில் வந்து நின்றது. அதற்கு மேல் சிறந்த நோன்பு இல்லை என்று எல்லை வகுத்துவிட்டார்கள். திருக்குர்ஆன் ஓதுவதிலும் இவ்வாறே. மாதம் ஒருமுறை என்பதில் தொடங்கி, ஏழு இரவுகளுக்கு ஒருமுறை என்பதில் முடிந்தது. மூன்று நாட்களுக்கும் குறைவில் ஓதி முடிப்பவர் அதன் பொருளை உணரமாட்டார் என்பதும் அண்ணலாரின் அறிவுரை.

அளவைச் சொன்னதோடு நபிகளார் நின்றுவிடவில்லை, காரணத்தையும் கூறினார்கள். இடைவிடாது இவ்வாறு செய்தால் கண்கள் குழி விழுந்துபோகும், ஆன்மா களைத்துப்போகும் என எச்சரித்தார்கள். உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் வருகை தரும் விருந்தினருக்கும் அவரிடம் உரிமைகள் (ஹக்குகள்) உண்டு என்று எண்ணிக் காட்டினார்கள். அவர் நீண்ட காலம் வாழக்கூடும் என்பதையும் நினைவூட்டினார்கள். இரவில் நின்று வணங்கிப் பின்னர் அதை விட்டேவிட்ட ஒருவரைச் சுட்டி, அவரைப் போல் ஆகிவிடக் கூடாது என்றும் அறிவுறுத்தினார்கள்.

கவனியுங்கள்! உடல் என்பது நமது சொத்தன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கடன்காரர் வாசலில் வந்து நிற்பதைப் போல, உடலும் தன் உரிமையைக் கேட்டு ஒருநாள் நிற்கும். இளமையில் கொடுக்காமல் தட்டிக் கழித்ததை முதுமையில் சேர்த்துக் கேட்கும்.

தாவூத் நபி (அலை) அவர்களின் இரவு வணக்கத்தையும் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்கு நபிகளார் எடுத்துரைத்தார்கள். இரவில் பாதி உறக்கம், மூன்றில் ஒரு பங்கு தொழுகை, மீண்டும் ஆறில் ஒரு பங்கு உறக்கம். இரவு 12 மணி நேரம் என்று கொண்டால் 6 மணி நேரம் உறக்கம், 4 மணி நேரம் தொழுகை, பின் 2 மணி நேரம் உறக்கம். இறைவனுக்கு மிக விருப்பமான இரவுத் தொழுகையிலேயே உறக்கத்திற்கு மூன்றில் இரண்டு பங்கு ஒதுக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள்!

அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சுவனவாசி ஒருவர் இப்போது வருவார் என நபிகளார் மூன்று நாட்கள் தொடர்ந்து கூற, மூன்று நாட்களும் அன்ஸாரித் தோழர் ஒருவரே வந்தார். தாடியிலிருந்து உளூ நீர் சொட்ட, இடக்கையில் செருப்புகளை ஏந்தியவாறு வந்தார். அவரது இரகசியத்தை அறியும் ஆவலில் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் மூன்று இரவுகள் அவர் வீட்டில் தங்கினார்கள். விடிய விடியத் தொழுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ உறங்கினார், புரண்டு படுக்கும்போது இறைவனை நினைத்தார், ஸுப்ஹுக்கு எழுந்தார். பேசினால் நல்லதையே பேசினார். இவ்வளவுதானா என்று எண்ணத் தோன்றிற்று. விடைபெறும்போது கேட்டதில் கிடைத்த விடை இதுதான்: எந்த முஸ்லிம் மீதும் அவர் உள்ளத்தில் வஞ்சமோ பொறாமையோ இல்லை. உடலை வாட்டுவதால் மட்டுமே கிடைப்பதன்று உயர்வு. உள்ளத்தைக் காப்பதும் அதற்கு வழியே.

காலம் உருண்டது. நபிகளார் மறைந்தார்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் தந்தையுடன் ஷாம் நாட்டிலும் எகிப்திலும் வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 37இல் (கி.பி. 657) நடந்த ஸிஃப்பீன் போரில், தந்தைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற நபிமொழியை எண்ணி உடன் சென்றார்கள், ஆயினும் வாளால் வெட்டவும் இல்லை, ஈட்டியால் குத்தவும் இல்லை. அங்கே சென்றதையே எண்ணிப் பின்னர் வருந்தினார்கள். தம் இல்லத்தில் ஆடு அறுக்கப்பட்டபோது, அண்டை வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்று மீண்டும் மீண்டும் விசாரித்த பண்பாளர் அவர்கள்.

முதுமை வந்தது. இளமையில் வாதாடிப் பெற்ற அளவு இப்போது பாரமாயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பு நோற்க உடல் மறுத்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? வலிமை பெற வேண்டிச் சில நாட்கள் தொடர்ந்து நோன்பை விடுவார்கள். விட்ட நாட்களை எண்ணி வைத்து, பின்னர் அத்தனை நாட்கள் நோற்பார்கள். இரவில் ஓத வேண்டிய ஏழில் ஒரு பங்கைப் பகலிலேயே வீட்டார் ஒருவரிடம் ஓதிப் பார்த்துக்கொள்வார்கள். இரவில் அது எளிதாகும் என்பதற்காக.

இவையெல்லாம் நஃபிலான வணக்கங்கள். குறைத்துக் கொண்டிருந்தால் குற்றம் ஏதும் இல்லை. ஆயினும், எந்நிலையில் நபிகளாரைப் பிரிந்தார்களோ அந்நிலையிலிருந்து வழுவ அவர்களது நேசம் இடந்தரவில்லை. அதே வேளையில், அன்று நபிகளார் அளித்த சலுகையை ஏற்றுக் கொண்டிருக்கலாமே என்று ஏங்கவும் செய்தார்கள். வணங்கியதற்காக அவர்கள் வருந்தவில்லை. இளமையின் வலிமையைக் கொண்டு முதுமைக்கும் சேர்த்து அளவு வைத்துவிட்டோமே என்றே வருந்தினார்கள். தரையில் அமர்ந்து பேசிய அந்த மாமனிதர், வாலிபரின் கண்ணுக்குத் தெரியாத ஐம்பது ஆண்டுகளையும் அன்றே கண்டிருந்தார்கள்!

ஹிஜ்ரி 65இல் அன்னார் மறைந்தார்கள் என்பது பரவலான கூற்று. சுமார் 700 ஹதீஸ்கள் அவர்கள் வழியாக வந்துள்ளன. அவர்களது ஏட்டின் பெரும்பகுதி, வழித்தோன்றல்கள் மூலம் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் இடம்பெற்றிருக்கிறது. தமது ஏக்கத்தையும் மறைக்காமல் நமக்கு அறிவித்துச் சென்றார்களே, அதுவும் நமக்கான செல்வமே.

நேயர்களே! இன்று நீங்கள் ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்க நிய்யத் வைக்கிறீர்களா? மூன்று நாள் நோன்பிலிருந்து நபிகளார் தொடங்கியதைப் போல, மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்குங்கள். ஸுப்ஹுக்குப் பின் கால் மணி நேர நடை போதும். தட்டில் ஒரு கரண்டி சோறு குறையட்டும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை விட்டு விரைவில் உறங்குங்கள். நல்ல நாளின் உற்சாகத்தைக் கொண்டு அளவு வைக்காதீர்கள். உடல் நலிந்த நாளிலும், விருந்தினர் வந்த நாளிலும் செய்யக்கூடியது எதுவோ அதுவே உங்கள் அளவு. குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்பதை நாம் அறிவோம்.

தடை வந்தால் அடியோடு விட்டுவிடாதீர்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் போல் நேரத்தை மாற்றுங்கள். விட்டதை எண்ணி வைத்து, வலிமை வந்ததும் நிறைவேற்றுங்கள். நோயாளிகளுக்கு ரமளான் நோன்பிலேயே சலுகை வழங்கியவன் இறைவன். மருத்துவர் தடுத்த பின்னும் நோன்பு நோற்று மயங்கி விழுவது பக்தியாகாது. இறைவன் அளித்த சலுகையை மறுப்பதாகும்.

இறுதியாக நம் இல்லத்துத் தாய்மார்களுக்கு ஒரு சொல். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ஆறிப்போனதை உண்பீர்கள். காய்ச்சலிலும் அடுப்படியில் நிற்பீர்கள். உங்கள் மாத்திரையை மட்டும் மறப்பீர்கள். உங்கள் உடலுக்கும் உங்களிடம் ஹக்கு உண்டு. அதனை நினைவூட்டும் கடமை கணவருக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. அன்று ஒரு மருமகளின் குறையை மாமனார் காதுகொடுத்துக் கேட்டதால்தான் இந்தப் பாடமே நமக்குக் கிடைத்தது என்பதை மறவாதீர்கள்.

உடலையும் உள்ளத்தையும் அமானிதமாகப் பேணி, தாங்கும் அளவில் தொடங்கி, இறுதி மூச்சு வரை நன்மையில் நிலைத்திருக்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.