மருந்தறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

உடலினுள் இடையறாது நிகழும் இரசாயன மாற்றங்களை அனுசேபம் என்பர் விஞ்ஞானியர். அம்மாற்றங்களை விரைந்து நடத்துவன நொதியங்கள். நொதியமொன்றின் தொழிலைத் தடுத்து நோயை அடக்கும் முறை இன்று மருத்துவத்தின் பெருந்தூண்களுள் ஒன்று. அதற்கு வழி திறந்தோருள் ஒருவர், ஆந்திரத்திற் பிறந்து சென்னையிற் கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் பெயரை நம் மாணவர் பலர் அறியார். அவர் தந்த மருந்தையோ நம் வீடுகள் அறியும்.

1895ஆம் ஆண்டு பீமவரத்திலே பிறந்த சுப்பாராவ், வறுமையோடு போராடி வளர்ந்தவர். மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தோற்று மும்முறையிலேதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடையுடுத்தினார். அது கண்டு சத்திரசிகிச்சைப் பேராசிரியர் சினந்தார். முழுப்பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த தராதரப் பத்திரமே கிட்டியது. அதற்கிடையில் ஸ்புரூ என்னும் குடல்நோய் அவர்தம் சகோதரர் இருவரைப் பலிகொண்டது. அத்துயரம் அவர் நெஞ்சில் மாறாது நின்றது.

ஆயுர்வேதக் கல்லூரியிற் சிலகாலம் கற்பித்தபின், மனைவியைத் தாய்நாட்டில் விட்டு 1923இல் பொஸ்ரன் நகரை அடைந்தார். ஆஸ்பத்திரியில் இரவுப் பணியாளராக ஊழியம் புரிந்துகொண்டே ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கற்றார். பிஸ்க் என்பாருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலுமுள்ள பொசுபரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசையின் ஆற்றலுக்குரிய பொசுபோகிரியற்றின், அடினோசின் முப்பொசுபேற்று ஆகியவற்றை அவ்விருவரும் ஆராய்ந்து கண்டனர். ஆயினும் ஹாவாட்டில் நிரந்தரப் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. 1940இல் லெடர்லே ஆய்வுகூடத்துக்குச் சென்றார்.

அங்கே அவர் தலைமையில் இயங்கிய குழு 1945இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. சகோதரரைக் கொன்ற நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. இன்று நம் கர்ப்பவதிகளுக்குக் கிளினிக்குகளில் வழங்கப்படும் குளிகையும் அதுவே.

அடுத்து நிகழ்ந்ததே பெருவியப்பு. போலிக் அமிலத்தைப் போலத் தோன்றி அதன் வேலையைச் செய்யாத அமினோப்தரினை அக்குழு ஆக்கியது. பூட்டினுள் நுழைந்து திறவாது சிக்கிக்கொள்ளும் பொய்ச்சாவி போல அது நொதியத்தைப் பற்றிக்கொள்ளும். கலங்கள் பெருகுதல் தடைப்படும். இந்நுட்பம் பின்னரே தெளிவாயிற்று. சிட்னி பாபர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர் 16 பேருக்கு அதனைக் கொடுத்தார். 10 பேர் தேறினர். அத்தேற்றம் நிலைக்கவில்லை, எனினும் இந்நோய்க்கு மருந்துண்டு என்ற நம்பிக்கை 1948இல் முதன்முறையாகப் பிறந்தது. அதன் உடன்பிறப்பான மெதொற்றெக்சேற்று இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் உதவுகின்றது.

யானைக்கால் நோய்க்குரிய ஹெற்றசான் மருந்தும் அவர் குழுவின் கொடையே. மேற்கு, தெற்குக் கரையோரங்களில் அந்நோயால் நெடுங்காலம் வருந்திய நம் இலங்கை, அது பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என உலக சுகாதார நிறுவனத்தின் சான்றினை 2016இற் பெற்றது. அவ்வெற்றியில் இம்மருந்துக்கும் பங்குண்டு.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், தாய்நாட்டை மீண்டும் காணாமலே சுப்பாராவ் மாரடைப்பால் மறைந்தார். ஹாவாட்டில் அவரோடு ஒரே கூடத்திற் பணிபுரிந்த ஹிச்சிங்ஸ், எலியன் அம்மையாரோடு சேர்ந்து, நொதியத்தைத் தடுத்து யூரிக் அமில வாதத்தை அடக்கும் அலோபியூரினோலை ஆக்கினார்; அவ்விருவரும் 1988இல் நோபெல் பரிசு பெற்றனர். சுப்பாராவுக்கு அப்பரிசு கிட்டவில்லை. அவர் அதை நாடியவருமல்லர். புகைப்படத்தில் தோன்றவும் நாணியவர். பரீட்சையில் ஒருமுறை தவறியதும் துவண்டுபோகும் மாணவர்க்கு ஆசிரியர்கள் இவ்வரலாற்றை எடுத்துச் சொல்லுதல் நன்று.