ஹேண்டிலுக்கு ஓய்வு கொடுத்த கெட்டரிங்

கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் சிக்னல்ல உங்க கார் ஆஃப் ஆகிடுச்சுன்னு வைங்க. சாவியைத் திருப்பினா இன்ஜின் சுத்தல, 'டிக் டிக் டிக்'னு சத்தம் மட்டும்தான் வருது. பின்னாடி பஸ் ஹாரன் அடிக்குது. தள்ளிவிட வர்றவங்க எல்லாரும் ஒரே தீர்ப்புதான் சொல்வாங்க: பேட்டரி காலி, மாத்திடுங்க. சில சமயம் அது சரியாத்தான் இருக்கும். சில சமயம் பல ஆயிரம் ரூபாய்க்குப் புது பேட்டரி போட்ட பிறகும் பத்தே நாள்ல அதே 'டிக் டிக்' திரும்ப வரும். ஏன்னு புரியணும்னா, ஹேண்டில் இல்லாமலே கார் கிளம்ப வழி செஞ்ச மனுஷரோட கதையைக் கொஞ்சம் கேளுங்க. அவர் பெயர் சார்லஸ் கெட்டரிங்.

1876 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், லூடன்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலிருந்தே கண் பிரச்சினை. புத்தகத்தை எடுத்தாலே தலைவலி. கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, டெலிபோன் கம்பம் நட்டு லைன் இழுக்கும் வேலைக்குப் போனார். பிறகு திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்தபோது, அறைத் தோழர்கள் பாடப் புத்தகத்தை வாசிக்க, இவர் கேட்டே படித்தார். 1904-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பட்டம் வாங்கும்போது வயது 27. அரியர் இருக்கேன்னு கவலைப்படுற நண்பர்கள் இதைக் குறிச்சுக்கலாம்.

டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் என்.சி.ஆர். கம்பெனியில் வேலை கிடைத்தது. கையால் சுற்றும் அந்தக் கல்லாப்பெட்டியை மின்சாரத்தில் இயக்கணும் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. கெட்டரிங் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பெட்டி திறப்பதற்கு மோட்டார் ஓடவேண்டியது ஒரு சில நொடிதான். நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்குப் போடும் கணக்கை இதற்கு ஏன் போடணும்? சின்ன மோட்டாரிலேயே அதிக மின்னோட்டம் செலுத்தினால் போதும். அது சூடாகி எரிவதற்குள் வேலை முடிந்துவிடும். 1906-ல் மின்சாரக் கல்லாப்பெட்டி வந்தது.

அந்தக் காலத்தில் காரைக் கிளப்ப, முன்னாடி நின்று ஹேண்டில் போடணும். இன்ஜின் திடீரென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு எலும்பு உடையும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கச் சொன்னதே இதற்காகத்தான். ஹேண்டில் தொல்லை இல்லை என்பதாலேயே பலர் மின்சாரக் கார் வாங்கிய காலம் அது.

1909-ல் கெட்டரிங், எட்வர்ட் டீட்ஸ் என்ற சக பொறியாளரோடு சேர்ந்து டெல்கோ நிறுவனத்தை ஆரம்பித்தார். டீட்ஸ் வீட்டுக் கொட்டகைதான் ஒர்க்‌ஷாப். முதலில் கேடிலாக் கம்பெனிக்கு இக்னிஷன் அமைப்பு செய்து கொடுத்தார்கள். அடுத்து அதே கம்பெனிக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர். இன்ஜினைச் சுற்ற இன்ஜின் அளவுக்கே பெரிய மோட்டார் வேணும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, கெட்டரிங் தன் கல்லாப்பெட்டிக் கணக்கையே இங்கேயும் போட்டார். 1912 மாடல் கேடிலாக் ஹேண்டில் வேலை இல்லாமல் கிளம்பியது. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டார் டைனமோவாக மாறி, செலவான மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுத்தது. பெட்ரோல் கார் மின்சாரக் காரை ஓரங்கட்டியதில் இந்த பேட்டரிக்கும் பங்கு உண்டு.

இப்ப உங்க 'டிக் டிக்'குக்கு வருவோம். பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர், திரும்ப சார்ஜ் ஏத்தும் ஆல்டர்னேட்டர், இந்த நாலும் சேர்ந்ததுதான் அவர் போட்ட வட்டம். நாலுல எது சொதப்பினாலும் வண்டி கிளம்பாது. அதனால பேட்டரி மேல மட்டும் பழி போடாதீங்க. ஒரு சாதா மல்டிமீட்டர் எடுங்க.

வண்டி சில மணி நேரம் சும்மா நின்ன பிறகு பேட்டரியை அளங்க. 12.6 வோல்ட்னா முழு சார்ஜ், 12.2 கிட்டத்தட்டப் பாதி, 12-க்குக் கீழன்னா காலியாகப் போகுது. ஆனா ஓய்வுல நல்லா இருக்கிற பேட்டரி பாரம் ஏறினதும் படுத்துடலாம். அதனால ஒரு நண்பரை சாவியைத் திருப்பச் சொல்லி, இன்ஜின் சுத்தும்போதே மீட்டரைப் பாருங்க. முழு சார்ஜ்ல இருந்தும் 9.6-க்குக் கீழ விழுந்தா பேட்டரி மேல சந்தேகப்படலாம்.

9.6-க்கு மேல நின்னும் இன்ஜின் மந்தமா சுத்துதா? கேபிளைப் பாருங்க. ஸ்டார்ட்டர் கிளம்பும்போது 200 ஆம்பியர் ஓடுதுன்னா, டெர்மினல்ல பூத்த பூப்புல வெறும் 10 மில்லி ஓம் மின்தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போயிடும். இன்ஜின் சுத்தும்போது பேட்டரி முனைக்கும் கிளாம்புக்கும் நடுவுல அளந்தா கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். இல்லேன்னா நெகட்டிவை முதல்ல கழட்டி, ஆப்பசோடா கலந்த தண்ணீர்ல கழுவி, துடைச்சு இறுக்குங்க. ஒரே ஒரு 'டக்' சத்தத்தோட நின்னுட்டா சோலனாய்டு அல்லது ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்க. இன்ஜின் வேகமா சுத்தியும் பத்திக்கலேன்னா பேட்டரி நிரபராதி. பெட்ரோல், ஸ்பார்க் பக்கம் போங்க.

வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வரலேன்னா ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தல. எத்தனை புது பேட்டரி போட்டாலும் அது காலியாகிட்டேதான் இருக்கும். சார்ஜ் சரியா ஏறியும் காலையில மட்டும் பேட்டரி இறங்கியிருந்தா, ராத்திரியில எதுவோ மின்சாரம் குடிக்குது. எல்லாம் ஆஃப்ல இருக்கும்போது 50 மில்லி ஆம்பியருக்கு மேல ஓடுதுன்னா தேடிப்பிடிங்க. சென்னை வெயில் வேற பேட்டரியைச் சீக்கிரம் வயசாக்கும். வடபழனிக்கும் தி. நகருக்கும் நடுவுல ஏசி போட்டு ஊர்ந்துட்டே போற வண்டிக்கு, ஸ்டார்ட் பண்ணச் செலவானது திரும்ப ஏற நேரமும் கிடைக்காது.

கெட்டரிங் கதை இங்கே முடிந்திருந்தால் நல்லா இருந்திருக்கும். அவர் செய்த இக்னிஷன் வந்த பிறகு கேடிலாக் இன்ஜின்களில் 'நாக்கிங்' சத்தம் அதிகம் என்று புகார் வந்தது. பழி இக்னிஷன் மேல் விழுந்தது. எரிபொருளில்தான் கோளாறு என்று சந்தேகித்த கெட்டரிங், தாமஸ் மிட்ஜ்லி என்ற உதவியாளரைத் தேடச் சொன்னார். சந்தேகம் சரிதான். சரியான டயக்னோசிஸ்.

தப்பு மருந்தில் வந்தது. ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயம் கிடைத்தது. துளி சேர்த்தால் போதும், மலிவு, காப்புரிமையும் எடுக்கலாம். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கே பழைய செய்தி. ஆனாலும் 1923-ல் விற்பனைக்கு வந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்களில் 5 பேர் புத்தி பேதலித்து இறந்தார்கள். அப்போது அதை விற்ற எத்தில் நிறுவனத்தின் தலைவர் கெட்டரிங். சத்தம் நின்றுவிட்டது, அதனால் தீர்வு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். புகையில் வெளியே போகும் ஈயம் யார் உடம்பில் சேரும் என்ற அடுத்த கேள்விக்குப் பதில் தேடவில்லை. சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்தது 1995-ல், நாடு முழுக்க 2000-ல். அதுவரை ஆற்காடு ரோட்டில் நடந்தவங்க எல்லாரும் அந்தப் புகையைத்தான் சுவாசிச்சாங்க.

1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தினார். ரயில் இன்ஜினுக்கான டீசல் இன்ஜினை மேம்படுத்தினார். 1945-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அவர் பெயரையும் தாங்கியிருக்கிறது. 180-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். 1958 நவம்பர் 25 அன்று, 82 வயதில் இறந்தார். நல்லவரா கெட்டவரான்னு மார்க் போடறது நம்ம வேலை இல்ல. ஒரே ஆள் ஒரு பிரச்சினையில கடைசி வரைக்கும் கேள்வி கேட்டிருக்கார், இன்னொண்ணுல பாதியிலேயே நிறுத்திட்டார்.

உங்க வண்டி பேட்டரியிலும் எடையில் பாதிக்கு மேல ஈயம்தான். எல்லாம் அளந்து பார்த்து, பேட்டரி நிஜமாவே செத்துடுச்சுன்னு தெரிஞ்சா, பழசை எடைக்குப் போட்டுடாதீங்க. முறையில்லாம உருக்குற இடத்துல அந்த ஈயம் பக்கத்து வீட்டுக் குழந்தைங்க ரத்தத்துல போய்ச் சேரும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி பழைய பேட்டரியைச் சேகரிச்சு மறுசுழற்சி செய்யறது தயாரிப்பாளர் பொறுப்பு. புதுசு வாங்குற கடையிலயே பழசைக் கொடுத்து, பில்லுல விலை கழிச்சிருக்காங்களான்னு பார்த்து வாங்குங்க.