மண்ணின் வெப்பம் அளந்த இராமதாஸ்

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றங்கரையில் அமைந்துள்ளது ஔந்த். இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் அப்பகுதி, 1930களில் நகருக்கு வெளியே இருந்த ஒரு சிற்றூர். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் புனே வேளாண்மைக் கல்லூரி உள்ளது. அக்கல்லூரி நிலத்தின் கரிசல் மண்ணையும் அதன்மேல் தவழும் காற்றையும் ஆண்டுக்கணக்கில் அளந்தறிந்தவர் எல். ஏ. இராமதாஸ்.

1900ஆம் ஆண்டு பாலக்காட்டில் பிறந்த இராமதாஸ், கல்கத்தாவில் சி. வி. இராமனிடம் ஆய்வு மாணவராக விளங்கினார். நீர்மங்களின் மேற்பரப்பில் ஒளி சிதறுவதைப் பற்றி ஆசிரியரும் மாணவரும் இணைந்து ஆய்வுரை எழுதினர். அவ்வழியிலேயே சென்றிருந்தால் அவர் ஒளியியல் அறிஞராகப் பெயர் பெற்றிருப்பார். ஆனால் 1926இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். 1932இல் புனேயில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பை ஏற்றார். அதுவரை மேகத்தையும் புயலையும் நோக்கியிருந்த ஆய்வு, உழவரின் காலடியை நோக்கித் திரும்பியது. பயிர் முளைப்பதும் வாடுவதும் மண்ணை ஒட்டிய சில அடி உயரத்துக்குள்தானே!

பகலில் கதிரவன் ஒளியை ஏற்று மண்ணின் அக ஆற்றல் பெருகுகிறது; வெப்பநிலை உயர்கிறது. இரவில் மண் அவ்வாற்றலைக் கதிர்வீசலால் வானுக்கு இழக்கிறது. ஆகவே, தெளிந்த, காற்றசையாத இரவில் தரையே மிகவும் குளிர்ந்திருக்கும் என்றும், மேலே செல்லச் செல்ல வெப்பநிலை உயரும் என்றும் அறிஞர்கள் கருதியிருந்தனர். இராமதாசும் அவருடன் பணியாற்றிய ஆத்மநாதனும் அளந்தபோது வேறொன்று புலப்பட்டது. மிகக் குளிர்ந்த இடம் தரை அன்று; தரைக்கு மேலே, ஒரு சாண் முதல் ஒரு முழம் வரையிலான உயரத்தில் இருந்த காற்றே தரையைவிடச் சில டிகிரி குளிர்ந்திருந்தது. 1932இல் இம்முடிவை அவர்கள் வெளியிட்டனர்.

அறிவியல் உலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. வெப்பமான காற்றின்மேல் அது தங்காமல் கீழிறங்க வேண்டும், வெப்பச்சலனம் இரண்டையும் கலந்துவிட வேண்டும் என்பது பாடநூல் விதி. கருவியில் பிழை என்றனர் சிலர். அருகிலுள்ள மேட்டிலிருந்து குளிர்காற்று வழிந்து வந்திருக்கும் என்றனர் வேறு சிலர். ஐயம் கால் நூற்றாண்டு நீடித்தது.

இராமதாஸ் தம் பணியை நிறுத்தவில்லை. கரிசல் மண்ணின்மேல் மெல்லிய வெண்பொடியைப் பரப்பினால் மண்ணின் சூடு எவ்வளவு தணிகிறது என்று ஆராய்ந்தார். வெண்ணிறம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கீழுள்ள மண் குளிர்ந்தது. ஈரமும் இவ்வாறே மண்ணின் போக்கை மாற்றுகிறது. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 ஜூல் வேண்டும். உலர்ந்த மண்ணுக்கோ அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். தன்வெப்பத்தில் உள்ள இவ்வேறுபாட்டால்தான் நீர் பாய்ச்சிய வயல் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்கிறது. 1958இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பழைய ஐயமும் தீர்ந்தது. ராஷ்கே என்னும் ஆய்வாளர் புனேயின் வெற்று நிலத்தின்மேல் மிகுந்த கவனத்துடன் அளந்து, இராமதாஸ் கண்டது உண்மையே என 1957இல் உறுதி செய்தார். ஆயினும் ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பது விளங்காமலே இருந்தது. 1979இல் இராமதாஸ் மறைந்தார்.

விளக்கம் 1990களில் பெங்களூரிலிருந்து வந்தது. இரவில் தரை மட்டுமன்று, அதையொட்டிய காற்றும் கதிர்வீசலால் வெப்பத்தை இழக்கிறது. ஒரு கன மீட்டர் காற்று ஒரு டிகிரி குளிர்வதற்கு ஏறத்தாழ 1200 ஜூல் இழந்தாலே போதும். அதே கன அளவுள்ள நீர் 42 இலட்சம் ஜூல் இழக்க வேண்டும். எனவே காற்று விரைந்து குளிர்கிறது. மண்ணோ ஆழத்திலிருந்து கடத்தலால் வரும் வெப்பத்தைப் பெற்றுக்கொண்டிருக்கிறது. ரொத்தம் நரசிம்மாவும் வாசுதேவ மூர்த்தியும் இதனைக் கணித வழியில் நிறுவினர். காற்றில் மிதக்கும் நுண்துகள்களுக்கும் இதில் பங்குண்டு எனப் பின்வந்தோர் கூறினர். தரைக்கு மேலே நிற்கும் அக்குளிர்ந்த காற்று இன்று ‘இராமதாஸ் அடுக்கு’ என்னும் பெயரால் வழங்குகிறது.